ஜேசிபி எதுக்குங்க மாப்ள?

வாங்க மாப்ள, உக்காருங்க. உங்கப்பாரு, அதாங்க உங்க தாத்தா, கட்டின கல்லுவீட்டை இடிக்கறதுன்னு முடிவு பண்ணீட்டீங்களாமே. தங்கச்சி போன்ல சொல்லி அழுதா. எனக்கு அழுகை வரலைங்க. வீடு உங்களுது, பத்திரம் உங்க பேர்ல, ஜேசிபிக்காரன் உங்ககூடப் படிச்ச பையன். குறுக்க நிக்க நான் யாருங்க? நம்ம பக்கம் தங்கச்சி மகனையும் ‘வாங்க, போங்க’ன்னுதான் கூப்பிடறது. திட்டறதா இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டறது. அதனால இனி நான் சொல்றது எல்லாத்தையும் மரியாதைன்னே எடுத்துக்கோங்க.

எனக்கு இருக்கிற வெசனம் ஒண்ணே ஒண்ணுதான். ஜேசிபி வெச்சு இடிச்சா ஊரே கூடி வேடிக்கை பாக்கும். மணிக்கு இவ்வளவுன்னு வாடகை வேற. நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சிக்குப் போனா, “அப்பாரு வீட்டை இடிச்சவன் இவன்தான்”னு பந்தியில காதைக் கடிப்பாங்க. இது எதுவும் இல்லாம, கை நோகாம, காசு போகாம வீட்டைக் கவுக்க வழி இருக்குதுங்க. ஊருக்குள்ள நிறையப் பேரு அப்படித்தான் முடிச்சிருக்காங்க. ஒருத்தரையும் யாரும் குத்தம் சொன்னதில்லை. “பாவம், பழைய வீடு, தானா விழுந்துருச்சு”ங்கிறதோட பேச்சு முடிஞ்சுது.

மொதல்ல கூரை. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து நம்ம ஓட்டை அங்கங்க நகர்த்தி வெச்சுட்டுப் போகுமில்லீங்களா? உங்கப்பாரு இருந்தவரைக்கும் புரட்டாசிக்குள்ள ஆளைக் கூப்பிட்டு ஓட்டைப் பிரிச்சு வேஞ்சுருவாரு. ஒடைஞ்சதை எடுத்துட்டு, மிச்சத்தைத் திருப்பிப் போட்டு, எரவாரத்துல உளுத்த சட்டம் இருந்தா மாத்திருவாரு. நீங்க அந்தச் சோலிக்கே போகாதீங்க. சும்மா இருந்தாப் போதும். மீதியை ஐப்பசி மழை பார்த்துக்கும்.

அந்தச் சுவரு எப்படிக் கட்டினதுன்னு தெரிஞ்சா உங்களுக்கு இதுல நம்பிக்கை வரும். ரெண்டடி தடிமனா நிக்குதே, அது முழுக்க ஒரே கல்லுன்னு நினைச்சீங்களா? வெளிமுகத்துக்கு ஒரு வரிசைக் கல்லு, உள்முகத்துக்கு ஒரு வரிசைக் கல்லு. நடுவுல பொடிக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு அடைச்சிருக்கும். ரெண்டு முகமும் பிரிஞ்சு போகாம இருக்க, அங்கங்க ஒரு நீளக்கல்லைக் குறுக்கால வெச்சுப் பூட்டியிருப்பாங்க. மூலைக்கு மட்டும் பெரிய கல்லாப் பார்த்து, ஒரு வரிசை இந்தப் பக்கம் நீளம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் நீளம்னு மாத்தி மாத்தி அடுக்கியிருப்பாங்க. வெளியில இருந்து பார்த்தா ஏனோதானோன்னு அடுக்கின மாதிரி தெரியும். ஆனா ஒரு சந்துக்கு நேர் மேல இன்னொரு சந்து வராது, போய்ப் பாருங்க.

கருங்கல்லுக்கு மழை ஒரு பொருட்டே இல்லைங்க. சுவத்தோட முகத்துல எவ்வளவு மழை அடிச்சாலும் நிக்கும். ஆனா சுவத்தோட தலை நனையக் கூடாது. ஓடு நகர்ந்த இடத்துல தண்ணி சுவத்துக்குள்ள இறங்குச்சுன்னா, நடுவுல இருக்கிற மண்ணு கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு கீழ போகும். மேல பொள்ளலாகும். கீழ போன மண்ணு அடைச்சுக்கிட்டு ரெண்டு முகத்தையும் வெளிய தள்ளும். சுவரு வயிறு வைக்கும். அப்பறம் ஒரு கார்த்திகை மாசத்து ராத்திரி, யாரும் இல்லாத நேரமாப் பார்த்து விழுகும். விழுந்ததுக்கப்பறம் பார்த்தீங்கன்னா ஒரு கல்லுகூட ஒடைஞ்சிருக்காது. அத்தனையும் நல்ல கல்லு. போனது மேல நகர்ந்த அந்த ஓடு மட்டுந்தான்.

இதுக்கே பொறுமை இல்லைன்னா, அரசங்கன்னு இருக்குது. குருவி எச்சம் போட்டு, சுவத்துச் சந்துல ஒரு கன்னு முளைச்சிருக்கும். விரல் நீளத்துல இருக்கறப்ப ரெண்டு விரல்ல பிடுங்கினா வந்துரும். பிடுங்காதீங்க. சாமி மரம், பாவம். அது கை தண்டி ஆனதுக்கப்பறம், வெட்டறதுக்கு ஆள் விடுங்க. அவன் மேல வெட்டீட்டுக் கூலி வாங்கிட்டுப் போயிருவான். வேரு உள்ள இருந்து பழைய பலத்தோட மறுபடி துளிர்க்கும். அப்பக் கோவத்துல பிடிச்சு இழுத்தீங்கன்னா, வேரோட சேர்ந்து சுவரும் வரும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.

ஆனா இப்படிச் சும்மா இருந்து சாதிக்கறது உங்களை மாதிரி சுறுசுறுப்பான ஆளுக்கு ஒத்து வராது. நீங்க பெங்களூர்ல இருக்கறவங்க. என்னமோ ஒண்ணு பண்ணியே ஆகோணும், பண்ணுனதைப் போட்டோ எடுத்துக் குரூப்ல போடோணும். அப்படீன்னா உங்களுக்குத் தோதான சாமான் சிமெண்டு.

கல்லுக்கு நடுவுல இருக்கிற பழைய சுண்ணாம்பைக் கொத்தி எடுத்துட்டு, சிமெண்டு வெச்சுப் பூசி, சந்துக்குச் சந்து கோடு இழுத்து விடுங்க. ‘பாயிண்டிங்’னு சொல்லுவாங்க. பார்க்க ரிசார்ட்டு மாதிரி அம்சமா இருக்கும். அதுக்கப்பறம் என்ன நடக்கும்னு கேளுங்க. நம்ம வீட்டுக்கு அடியில இன்னைக்குப் போடற மாதிரி ஈரம் தடுக்கிற பூச்சு எதுவும் கிடையாது. பூமி ஈரம் சுவத்துல ஏறத்தான் செய்யும். ஏறின ஈரத்தைக் கருங்கல்லு விடாது. அதுக்கு வெளிய போக இருக்கிற ஒரே வழி அந்தச் சந்துல இருக்கிற சுண்ணாம்பு. அதுலதான் சுவரு மூச்சு விடுது. அந்த வழியைச் சிமெண்டு வெச்சு அடைச்சா, ஈரம் எங்க போகும்? உள்ளேயே நிக்கும். மழைக்கோட்டைப் போட்டுக்கிட்டுச் சித்திரை வெயில்ல வேர்த்துக் கிடக்கற கதைதான். அப்பறம் அது வீட்டுக்குள்ள பக்கம் திரும்பும். உள்பூச்சு உப்புப் பூத்து உதிரும். “பழைய வீடு மாமா, ஓதமா இருக்குது”ன்னு நீங்களே வந்து சொல்லுவீங்க. நானும் ஆமாங்க மாப்ளன்னு தலையாட்டுவேன்.

“சிமெண்டு இல்லாம ஒரு வீடு நிக்குமா மாமா”ன்னு போன வாரம் கேட்டீங்க பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. நம்ம கோயமுத்தூருக்குக் கலெக்டரா இருந்தாரே ஜான் சல்லிவன், அவரு 1819-ல மலை ஏறினாரு. கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்குல ஒரு பங்களாவைக் கட்டினாரு. அதைப் பெத்தக்கல் பங்களான்னு சொல்லுவாங்க. அது பத்தாதுன்னு ஊட்டியில தோடர்கள்கிட்ட நிலத்தை வாங்கி, 1822-ல இன்னொரு வீடு கட்ட ஆரம்பிச்சாரு. ஏக்கர் ஒரு ரூவாய்ன்னு சொல்லுவாங்க. நம்ம பக்கம் ரியல் எஸ்டேட் பண்றவங்க அவரு படத்தை மாட்டிக் கும்பிடலாம். ஊட்டியில எழுந்த மொத பங்களா அதுதான். சனங்க பார்த்தாங்க, கல்லுல கட்டியிருக்குது, கல் பங்களான்னு பேரு வெச்சுட்டாங்க. இங்கிலீஷ்லயும் ஸ்டோன் ஹவுஸ்தான். இன்னைக்கு அது ஊட்டி அரசு கலைக் கல்லூரிக்குள்ள இருக்குது.

இப்பக் கணக்குப் போடுங்க. இன்னைக்கு நாம மூட்டையில வாங்கற போர்ட்லேண்டு சிமெண்டுக்கு, இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின்னு ஒரு கொத்தனாரு காப்புரிமை வாங்கினதே 1824-லதான். அதாவது மேல கல் பங்களாவுக்குக் கல்லு அடுக்கறப்ப, இந்தச் சிமெண்டுக்கு இன்னும் பேரே வைக்கலை. நம்ம நாட்டுல மொதல்ல சிமெண்டு பண்ணிப் பார்த்தது 1904-ல, மெட்ராஸ்ல. அந்தப் பங்களா இருநூறு வருச ஊட்டி மழையைப் பார்த்தாச்சு. உங்க பெங்களூரு அப்பார்ட்மெண்டுல மூணாவது மழைக்கே பாத்ரூம் கசியுதுன்னு அசோசியேசன் மீட்டிங் போட்டீங்களே, அதை நான் இங்க எடுக்க மாட்டேன்.

சிமெண்டு மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் எதுவும் இல்லைங்க. தண்ணித் தொட்டிக்குப் போடுங்க, புதுக் கட்டடத்துக்குப் போடுங்க, அதோட வேலையை அது செய்யும். சுண்ணாம்போட வேலை வேற. சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணியில போட்டு நீத்தி, நாள்கணக்குல ஊற வெச்சு, மணலோட அரைச்சுப் பூசறோம். அது காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாகுது. அவசரமே படாது. வருசக்கணக்குல இறுகிக்கிட்டே இருக்கும். கட்டடம் லேசா உக்காந்தா அதுவும் கூட உக்காரும், சின்ன விரிசல் விட்டா மழைத்தண்ணி பட்டு அதுவே கொஞ்சம் அடைச்சுக்கும். செக்குல மாடு கட்டிச் சுண்ணாம்பு அரைச்சதை நான் சின்னப் பையனா இருந்தப்பப் பார்த்திருக்கேன். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணியைத்தான் அதுல ஊத்துவாங்க. கருப்பட்டியைத் திருடித் தின்னதுல என் பங்கும் உண்டு. அந்தச் சுவத்துல எங்கயாவது பலம் குறைஞ்சிருந்தா அதுக்கு நான் பொறுப்பு.

சரி, அடுத்தது. கல்லு கருத்துப் போச்சு, மிசின் வெச்சு மணலை அடிச்சுப் பளபளன்னு ஆக்கலாம்னு ஒருத்தன் வருவான். வரட்டும். இந்த வித்தையைக் கோயில்கள்லயே காட்டியிருக்காங்க. சோழன் வெட்டி வெச்ச எழுத்தே தேஞ்சு போச்சு. உங்கப்பாரு நிலைவாசல் கல்லுல வெட்டி வெச்ச வருசமும் பேரும் எம்மாத்திரம்? அடிச்சு முடிச்சதும் மேல ஒரு கோட்டு வார்னிஷ் ஊத்தச் சொல்லுங்க. இருக்கிற மூச்சும் அதோட நிக்கும்.

கூரையை மொத்தமாப் பிரிச்சுட்டுக் கான்கிரீட் போடற யோசனையும் உங்ககிட்ட இருக்குதுன்னு தெரியும். ஓட்டுக்கூரை பாரத்தைச் சுமக்கறதுக்குன்னு கட்டின சுவரு மேல அத்தனை பாரத்தையும் ஏத்திப் பாருங்க, சுவரு என்ன சொல்லுதுன்னு கேட்போம். அதுல ஒரு லாபம் இருக்குது, மறுக்கலை. உத்தரமும் விட்டமும் கையோட வித்துப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல அப்படி வந்து சேர்ந்த தூணும் கதவும் வரிசையா நிக்குது. வாங்கறவங்க ஓட்டல் வரவேற்பறையில நிறுத்தி வெச்சு, அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. இது புதுசும் இல்லைங்க. ஊட்டி செயிண்ட் ஸ்டீபன் சர்ச்சுக்கு மரம் வந்ததே ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட லால் மகாலைப் பிரிச்சுத்தான். என்ன ஒண்ணு, திப்பு தோத்துப் போனதுக்கப்பறம் அடுத்தவன் வந்து பிரிச்சான். நம்ம வீட்டுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை, வாரிசே முன்ன நின்னு பிரிச்சுக் கொடுக்கறாரு.

இடிக்கறதுக்கு நீங்க சொல்ற காரணம் எல்லாத்தையும் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். வாசக்கால் தாழ்வு, தலை இடிக்குது. ஆசாரத்துல பகல்லயும் லைட்டுப் போடோணும். சந்துல தேள் குடியிருக்குது. செல்போன் எடுக்கறதில்லை. அதுவும் ஒரு வசதிதான், உங்க சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க. “கல்லுவீடு குளுகுளுன்னு இருக்கும்”னு பட்டணத்துல இருந்து வர்றவங்க பாடற பாட்டையும் நான் பாட மாட்டேன். ரெண்டடிச் சுவரு பகல் வெயிலை உள்ள விடாது, வாஸ்தவம். மத்தியானம் ஆசாரத்துல படுத்தா தூக்கம் சொக்கும். ஆனா வெயிலைக் குடிச்ச கல்லு ராத்திரியில அதைத் திருப்பித் தரும். அதனாலதான் தொட்டிக்கட்டு வீட்டுக்கு நடுவுல வாசலைத் திறந்து விட்டிருக்காங்க, சூடு மேல போகட்டும்னு. சித்திரையில எல்லாரும் கட்டிலைத் தூக்கி வாசல்ல போட்டுப் படுத்தது அதுக்குத்தான். உங்கப்பன் அந்த வாசலுக்கு மேல தகரம் போட்டு மூடினாரு. மூடிட்டு, “வீடு புழுங்குது”ன்னு ஏசி வாங்கினாரு. அவரு ஆரம்பிச்சதை நீங்க முடிக்கறீங்க. பரம்பரைன்னா சும்மாவா?

இடிக்கலைன்னா ‘ஹெரிடேஜ்’னு கவர்மெண்டுல எழுதி வாங்கிரலாம்னு இன்னொரு யோசனை சொன்னீங்களே. அதோட உள்குத்து எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? மத்திய அரசோட சட்டம் 1958-ல வந்தது. நூறு வருசத்துக்குக் குறையாத பழமை வேணும், தேசிய முக்கியத்துவம்னு அறிவிக்கோணும். 2010-ல அதைத் திருத்தினாங்க. அப்படி அறிவிச்ச சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டோணும். பக்கத்து வீட்டுப் பங்காளி மாடி கட்டறதை நிறுத்தறதுக்குத்தானே உங்களுக்கு இந்தப் பாரம்பரியப் பாசம் வந்துச்சு? அது நடக்காதுங்க. அந்த விதி தஞ்சாவூர் பெரிய கோயில் மாதிரியான இடத்துக்கு. நம்ம மாநிலத்துக்குன்னு 1966-ல ஒரு சட்டம் இருக்குது. 2012-ல மரபுச் சின்னங்களுக்கு ஆணையம்னு இன்னொரு சட்டமும் போட்டாங்க. அத்தனையும் இருந்தும், நம்மூரு கல்லுவீட்டைத் தேடி ஒரு ஆபீசரும் வரப் போறதில்லை. இருக்கிற கோயிலையும் கோட்டையையும் பார்த்து முடிக்கவே அவங்களுக்கு நேரம் இல்லை. ‘ஆபீசருங்க வந்தா ஆணிகூட அடிக்க விட மாட்டாங்க’ன்னு பயந்துக்கிட்டு ராவோட ராவா இடிக்கறவங்களும் இருக்காங்க. அவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். வராத விருந்தாளிக்குப் பயந்து வீட்டைக் காலி பண்றாங்க.

பேரும் பட்டமும் சுவரைத் தாங்காதுங்கறதுக்குச் செட்டிநாட்டைப் பாருங்க. அந்த ஊர்கள் 2014-ல யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல ஏறியாச்சு. பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல்லு, முட்டை வெள்ளைக்கரு பூசின சுவருன்னு உலகமே பேசுது. ஆனா ஒரு வீட்டுக்குப் பங்காளிங்க எத்தனையோ பேரு. ஆளுக்கொரு அறைச் சாவி. ஒருத்தன் சிங்கப்பூர்ல, ஒருத்தன் சென்னையில. கூரை எல்லாருக்கும் பொது, அதனால அது யாருக்கும் சொந்தமில்லை. பூசைக்கு வர்றாங்க, கும்பிடறாங்க, பூட்டிட்டுப் போறாங்க. மனுசன் புழங்கற வீடுகளும் ஓட்டலா மாத்தின வீடுகளும் நிக்குது. மத்ததுல ஓடு சரியறப்ப அதைப் பார்க்க ஆள் இல்லை.

கன்னேரிமுக்கு பங்களாவும் அப்படித்தான் ரொம்பக் காலம் பார்ப்பாரில்லாமச் சிதைஞ்சு கிடந்துச்சு. பிற்பாடுதான் அதைச் சரி பண்ணி, நீலகிரி ஆவண மையமும் சல்லிவன் நினைவிடமுமா ஆக்கினாங்க. இப்ப அதுக்குள்ள ஒரு வேலை நடக்குது, ஆள் வருது, கதவைத் திறந்து மூட ஒருத்தர் இருக்காரு. ஊட்டிக் கல் பங்களாவுக்கும் அதே கதை. கல்லூரி நடக்குது, ஒழுகினா யாராவது பார்த்துச் சொல்லுவாங்க. சல்லிவன் பேரு காப்பாத்துச்சுன்னு நினைக்காதீங்க. புழக்கம் காப்பாத்துச்சு.

எழுந்திரிக்காதீங்க, காப்பி வருது. இன்னும் கொஞ்சந்தான்.

இவ்வளவும் கேட்டுட்டு, தப்பித்தவறி வீட்டை வெச்சுக்கலாம்னு உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னா, அதுக்கும் நான் இருக்கேன். உங்கப்பன் போட்ட தகரத்தை மொதல்ல கழட்டுங்க. கக்கூசும் பாத்ரூமும் வேணும்னா பொடக்காளியில தனியாக் கட்டுங்க, கல்லுச் சுவத்தோட ஒட்டாம ஒரு முழம் தள்ளி. எரவாரத்துத் தண்ணி சுவத்தடியில நிக்காம வெளிய ஓடறதுக்கு வாட்டம் பார்த்துக்கோங்க. வயிறு வெச்ச சுவரை யாரும் தட்டி உள்ள தள்ள முடியாது. அந்த இடத்தை மட்டும் பிரிச்சு, கல்லுக்கெல்லாம் சாக்பீசுல நெம்பர் போட்டு, போட்டோ எடுத்து வெச்சுட்டு, அதே கல்லை அதே வரிசையில சுண்ணாம்பு வெச்சு எடுத்துக் கட்டோணும். கல்லுக்கு ஒரு பைசா செலவில்லை. கொத்தனார்கிட்ட மொதல்லயே கேட்டுக்கோங்க, சுண்ணாம்பு வேலை தெரியுமான்னு. “அதெல்லாம் எதுக்குங்க, ஒரு மூட்டை சிமெண்டு போட்டா இரும்பா நிக்கும்”னு சொன்னாருன்னா, டீக்குக் காசைக் கொடுத்து மரியாதையா அனுப்பி வெச்சுருங்க. கடையில பாக்கெட்டுல விக்கற சுண்ணாம்புப் பொடியை நம்பாதீங்க. சுட்ட கல்லா வாங்கி, தொட்டியில நீத்திப் போடுங்க. நீத்தறப்பக் கொதிக்கும், கண்ணுல தெறிக்கும், கொழந்தைகளைக் கிட்ட விடாதீங்க.

வெளியில பூசினதை நாலஞ்சு நாளைக்கு ஈரச்சாக்குப் போட்டு வெயில் படாம வைக்கோணும். அதனால கோடையில ஆரம்பிக்காதீங்க, மழையிலயும் ஆரம்பிக்காதீங்க. கல்லு வேலை தை மாசத்துக்கு நிக்கட்டும். ஓட்டு வேலை நிக்காது. ஆவணி பிறந்தாச்சு, புரட்டாசி முடியறதுக்குள்ள கூரையை வேஞ்சாகோணும். ஆள் நான் பேசி வெச்சிருக்கேன், அடுத்த வாரம் புதன்கிழமை வர்றாங்க. அட்வான்ஸ் நீங்கதான் கொடுக்கோணும் மாப்ள.